பொதுப் புகைபோக்கி

ப்ளைனையில் மழை பெய்வதில்லை,
குடியிருக்கிறது.
எப்போதாவது வெளியூர் போகும்;
அந்த இடைவெளியில் ஏணி சாத்துவது என் பிழைப்பு.

மழை விட்டும் தூவானம் விடாத ஒரு செவ்வாய்க்கிழமை
மொர்வித் கூப்பிட்டார்.
கணப்புக்கு மேலே சுவரில் ஓதம்,
ஒட்டிய தாளைப் பிய்த்துக்கொண்டு
ஆட்டுத்தோல் விரித்த அளவுக்கு ஒரு கறை.
"எல்லாம் அவன் பக்கத்துலேர்ந்துதான்" என்றார்,
சுவரைத் தொடாமல், தாடையால் காட்டி.

அவன் என்றால் டெகிட்.
ஒட்டிக் கட்டிய வீடு, ஒரே சுவர், ஒரே புகைபோக்கி.
குப்பைத்தொட்டி வைக்கிற இடத்துக்காகப்
பதினோரு வருடமாகப் பேச்சில்லை.
அங்கேயும் போய்ப் பார்த்தேன்.
அதே உயரம், அதே ஆட்டுத்தோல்,
இடவலம் மட்டும் மாறி.
"எல்லாம் அவ பக்கத்துலேர்ந்துதான்."

மேலே ஏறினேன்.

கூரையும் புகைபோக்கியும் சேரும் மூலையில்
ஈயத்தகடு பிடிவிட்டு
நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தது.
அது பெரிய விஷயமில்லை.
தண்ணீர் எந்த வழியாக வருகிறதென்று தெரிந்தால் அடைத்துவிடலாம்.
எனக்குப் பயமெல்லாம்
ஏற்கெனவே பாதுகாத்து வைத்தவர்களைப் பார்த்துத்தான்.

மொர்வித் தன் பாதிக்குத்
தண்ணீர் புகாத பெயிண்ட் மூன்று பூச்சு பூசியிருக்கிறார்.
பூசிய அன்று செங்கல்லுக்குள் இருந்த ஈரம்
அன்றிலிருந்து உள்ளேயே கிடந்து,
பனிக்காலத்தில் உறைந்து, இடம் போதாமல்
செங்கல்லின் முகத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறது.
சில்லு ஒன்றைக் கையில் எடுத்தேன்.
பின்பக்கம் நனைந்திருந்தது,
முன்பக்கம் பளபளவென்று, ஒரு துளி படாமல்.

டெகிட் தன் பாதியில்
சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் அடைத்திருக்கிறார்.
இரும்பு மாதிரி நிற்கும் என்று எவனோ சொல்லியிருப்பான்.
நிற்கிறது.
சுற்றியிருந்த செங்கல்தான் போய்விட்டது.
கீழே கணப்பைப் பலகை வைத்து அறைந்து
மேலே குழல் வாயையும் மூடி;
மூக்கையும் வாயையும் பொத்தினால்
எந்தச் சுவர்தான் வியர்க்காது?
அதில் பாதி மழையே இல்லை, டெகிட்.
உங்கள் சமையல், உங்கள் குளியல்,
துணி காயவைக்கிற அந்த மாடியறை, உங்கள் மூச்சு.

சாரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன்.
அவரவர் வாசலில் அவரவர்,
அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டு,
பக்கவாட்டில் பார்க்காமல்.
"யார் பக்கம்?"
இரண்டு குரலும் சேர்ந்தே வந்தது.
"மழை பக்கம்" என்றேன்.

ஒன்பது நாள் வேலை. இடையில் மழை தின்றது ஆறு நாள்.
நாற்பத்திரண்டு செங்கல் மாற்றினேன்.
சிமெண்டைக் கொத்தியெடுத்த சந்துகளில்
சுண்ணாம்புக் காரையை அழுத்தி, ஈரச் சாக்கு போர்த்தி,
சீக்கிரம் காய்ந்துவிடாதே என்று வேண்டிக்கொண்டேன்.
இந்த ஊரில் இப்படி ஒரு வேண்டுதல்!
ஈயம் புதிது. தலைக்காரை நாலு பக்கமும் சரிவாக.
டெகிட்டின் குழலுக்கு ஒரு தொப்பி,
காற்று போகும், தண்ணீர் வராது;
அவருடைய பலகையில் கையகலத் துளை,
அதற்கொரு சல்லடைத் தகடு.
துளை போட்டதும் உள்ளிருந்து
பழைய கரியும் ஜாக்டா குருவிக் கூட்டுக் குச்சியும்
ஒரு கூடை கொட்டியது.
அப்புறம், எங்கோ பக்கத்தில், மொர்வித் இருமுவது.

கூலி இரண்டாயிரத்து நூற்று முப்பத்தேழு பவுண்டு, ஒரு பென்னி.
சரிபாதி பிரித்ததில் அந்த ஒரு பென்னி மிஞ்சியது.
நானே விட்டுக்கொடுத்தேன்.
இரண்டு பேருக்கும் என்மேல் கோபம்.

நவம்பர் கடைசியில், விடாத நாலாம் நாள் மழையில்
போன் வந்தது.
"காஞ்சிடுச்சு. ஓரத்துல உப்பு பூத்திருந்தது,
பிரஷ் வச்சுத் தட்டிட்டேன்."
நல்லது என்றேன்.
"அவர் பக்கமும் காஞ்சிடுச்சு."
உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.
கெட்டில் கொதிக்கிறது என்று
வைத்துவிட்டார்.